கூரையைத் தாங்கும் தூணைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஹட்டனில் மாமாவின் கராஜில் நிற்கிறேன். பின்னால் இருக்கிற காரைப் பாருங்கள், முன்பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கிப் போயிருக்கிறது. ஆனால் கதவு திறக்கிறது. உள்ளே இருந்த நான்கு பேரும் நடந்தே வெளியே வந்தார்கள்.

"இந்தக் காலத்து வாகனம் எல்லாம் வெறும் தகரம்" என்று நம்ம ஆட்கள் சொல்வார்கள். தகரம் இல்லை, முன்பக்கத்தை நொறுங்குவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போய்ச் சுவரில் முட்டுவது, 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடிக்குச் சமம். அந்த அடியை இரும்பு கசங்கி வாங்கிக்கொண்டால் நம் நெஞ்செலும்புக்கு வருவது குறையும். மெர்சிடிஸ் பொறியியலாளர் பேலா பரேனி 1951இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். முன்னும் பின்னும் கசங்க வேண்டும், ஆட்கள் இருக்கிற கூடு மட்டும் கசங்கவே கூடாது.

நம்ம மலைநாட்டில் அந்தக் கூடுதான் எனக்குப் பெரிய கவலை. இங்கே முட்டுவதை விட உருள்வதுதான் பயம். 2025 மே 11இல் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்போதும் அந்த வளைவு வந்தால் பஸ்ஸில் பேச்சே அடங்கிவிடுகிறது.

பஸ் உருள்வதற்கென்றே ஐக்கிய நாடுகளின் 66ஆம் விதி என்று ஒரு சோதனை இருக்கிறது. பஸ்ஸை மேடையோடு மெல்லச் சாய்த்து, 800 மில்லிமீட்டர் கீழே விழ விடுவார்கள். பக்கத் தூண்கள் வளையலாம், ஆனால் ஆள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள் வரக் கூடாது. சரி, கூடு தாங்கினாலும் பெல்ட் இல்லாவிட்டால் உள்ளேயே தூக்கி எறியப்படுவோம். பின் சீட்டில் இருக்கிறவர்களும் தயவுசெய்து பெல்ட் போடுங்கள். பிள்ளையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற கார் முட்டி அரை மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ பிள்ளை கையை இழுக்கிற பாரம் ஏறக்குறைய 200 கிலோ. எந்தத் தாயாலும் முடியாது.

அப்புறம், பழைய வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கு மாமா சொல்லிக்கொடுத்த ஒன்று. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையில் கூரையைத் தாங்குகிற நடுத் தூணை வெட்டி ஒட்டியிருந்தால் அந்த வாகனத்தை அவர் தொடவே மாட்டார். உறுதியான எஃகு வெல்டிங் சூட்டில் தன் பலத்தை இழந்துவிடும். கதவு ரப்பரை இப்படி மெதுவாக இழுங்கள். தெரிகிறதா? கம்பெனி போட்ட வெல்டிங் புள்ளி வட்டமாக, வரிசையாக இருக்கும். இங்கே பாருங்கள், இது கோணல்மாணலாக இருக்கிறது, மேலே பட்டி பூசியிருக்கிறார்கள். இப்படி இருந்தால் வாங்காதீர்கள்.