இலவசம் என்றால் பேருந்துக் கட்டணம் யார் தருவது?

நேயர்களுக்கு வணக்கம். ஏழைகளின் தேவை ஒன்றையே தொழிலாக எடுத்துக்கொண்டு, நன்கொடையை மட்டும் நம்பியிராமல் வரவு செலவைத் தானே சரிக்கட்டி நடத்துவதைத்தான் சமூகத் தொழில்முனைவு என்கிறோம். இதற்கு எடுத்துக்காட்டாக, ஏழைகளுக்குச் சிறு கடன் (நுண்கடன்) தரும் வங்கதேசத்தின் கிராமின் வங்கியைக் காட்டுவதே வழக்கம். நான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்கிறேன். உங்களில் பலர் வீட்டுப் பெரியவர்கள் அங்கே போய் வந்திருக்கக்கூடும் என்பதால், அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளுடன் இதைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை போன கூலித் தொழிலாளிக்குக் கூலி போகிறது. அவரைக் கைப்பிடித்து நடத்துபவரின் வேலையோ படிப்போ கூடவே போகிறது. ஆகவே இது மருத்துவப் பிரச்சினையாக இருக்கும் அளவுக்கு வறுமைப் பிரச்சினையும்கூட.

சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இன்றும் சொல்கிறேன். பேருந்துக் கட்டணம் யார் தருவது? துணைக்கு வரும் மகன் நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு வருவானா? மதுரையில் எங்கே தங்குவது, எதைச் சாப்பிடுவது? கத்தி வைத்தால் இருக்கும் கண்ணும் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. திட்டம் தீட்டுகிறவர்கள் இலவசம் என்று எழுதியதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள்; ஏழையின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. மருத்துவமனையோ ஊரிலேயே முகாம் நடத்தி, தேவைப்படுவோரைத் தன் பேருந்திலேயே அழைத்துப் போய், உணவும் இடமும் கொடுத்து, சிகிச்சை முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போனதால் தனித்துணையும் தேவைப்படவில்லை, அச்சமும் குறைந்தது.

பணம் எங்கிருந்து வந்தது? கட்டணம் செலுத்துவோரிடமிருந்து. கட்டணம் செலுத்துவதா வேண்டாமா என்பதை நோயாளியே முடிவு செய்யலாம்; சான்றிதழ் கேட்பதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்காக நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும். அறை வசதிதான் மாறும்; அதே மருத்துவர்கள் இரு பிரிவுகளிலும் மாறி மாறிப் பணியாற்றுகிறார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னுமான வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்ததால், மருத்துவர் ஒரு மேசையில் முடித்தவுடன் அடுத்த மேசைக்குத் திரும்பிவிடலாம். எண்ணிக்கை கூடக்கூட ஒரு சிகிச்சைக்கான செலவு இறங்கியது. அந்தப் பெண்களுக்கு மாதச் சம்பளமும் கிடைத்தது.

அடுத்து லென்ஸ். முன்பு புரையை எடுத்த பிறகு சோடாபுட்டிக் கண்ணாடிதான் கொடுப்பார்கள்; அது உடைந்தால் மீண்டும் இருட்டு. கண்ணுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸ், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வரும்போது 100 டாலர் அளவில் விற்றது. 1992இல் ஆரோலேப் என்ற ஆலையை மதுரையிலேயே நிறுவி, விலையை 10 டாலர் அளவுக்கு இறக்கினார்கள். பல வளரும் நாடுகளுக்கும் அந்த லென்ஸ் போகிறது.

கிராமப் பார்வை மையங்களைப் பற்றியும் நுண்கடன் வட்டியைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன்; கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கண்புரை பணக்காரருக்கும் வரும் என்பதால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. கட்டணம் தர எவரும் இல்லாத சேரித் தெருவின் சாக்கடைக்கு இந்த வழி உதவாது. அது அரசு செய்ய வேண்டிய வேலை, அதை ஒரு தொழில்முனைவோர் தலையில் கட்டிவிட முடியாது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.