யாரோடு ஒப்பிடுகிறீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

குற்றவியலில் முதுகலை படிக்கலாமா என்று யோசனை கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எதைத் தெரிந்துகொள்ள வருகிறீர்கள்? கொலை செய்கிறவன் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள, என்பார்கள் பெரும்பாலும். தொடர் கொலை, துப்பறிதல், கைரேகை, ரத்தக்கறை. அந்த ஆர்வம் நல்லதுதான். ஆர்வம் இல்லாமல் எந்த மேற்படிப்பையும் முடிக்க முடியாது. ஆனால் கைரேகையும் ரத்தக்கறையும் தடயவியல்காரர்களின் வேலை. எந்தச் சட்டப் பிரிவு, என்ன வாதம் என்பதெல்லாம் சட்டக் கல்லூரியில் படிப்பது.

குற்றவியல் கேட்கிற கேள்விகள் வேறு. இந்தத் தெருவில் அடிக்கடி திருட்டு நடக்கிறது, அடுத்த தெருவில் ஏன் இல்லை? பதினேழு வயதில் திருடிய பையன்களில் பெரும்பாலோர் முப்பது வயதில் ஏன் திருடுவதில்லை? அதோடு சேர்த்துப் படிக்கிற குற்றவியல் நீதி இன்னொன்றைக் கேட்கும். காவல் நிலையம், நீதிமன்றம், சிறை, இந்த மூன்றும் தாங்கள் செய்வதாகச் சொல்வதை உண்மையிலேயே செய்கின்றனவா? இந்தக் கேள்விகளுக்கு ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். வளர்ப்பு சரியில்லை, தண்டனை போதவில்லை, வேலை கிடைக்கவில்லை, சினிமா கெடுக்கிறது. அந்தப் பதில்களை எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொள்ளத்தான் மேற்படிப்பு.

முதலில் ஆட்டம் காண்பது எண்கள் மீதான நம்பிக்கை. போன வருடத்தைவிட இந்த வருடம் குற்றம் இத்தனை சதவீதம் கூடிவிட்டது என்று செய்தி வரும். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது கைபேசி பறிபோயிருக்கும். எத்தனை பேர் புகார் கொடுத்தீர்கள்? கொடுத்தவர்களில் எத்தனை பேருடைய புகார் 'திருட்டு' என்று பதிவானது, எத்தனை பேருக்குத் 'தொலைந்துவிட்டது' என்று எழுதித் தந்தார்கள்? புகார் கொடுக்காதது கணக்கில் வராது, தொலைந்ததாக எழுதியதும் வராது. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்திலிருந்தும் பிரிட்டனில் 1982லிருந்தும் வீடு வீடாகப் போய், உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று மக்களையே நேரடியாகக் கேட்கும் கணக்கெடுப்புகள் நடக்கின்றன. பல வகைக் குற்றங்களில் பாதிக்கு மேல் காவல் துறையின் காதுக்கே எட்டுவதில்லை என்று அவற்றிலிருந்து தெரிந்தது. வண்டி திருட்டு மட்டும் பெரும்பாலும் பதிவாகிவிடும். காப்பீட்டுப் பணம் வாங்கப் புகார் நகல் வேண்டுமே! ஆக, குற்றம் கூடிவிட்டது என்றால், நடப்பது கூடியதா, சொல்வது கூடியதா, எழுதுவது கூடியதா? முதல் பருவத்திலேயே இந்தக் கேள்வி உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

என்னிடம் ஆய்வு செய்த மாணவி ஒருவர் பழைய திருட்டு வழக்குகளின் கோப்புகளைப் படித்துப் படிவத்தில் பதிந்துகொண்டிருந்தார். அதில் ஒரு கட்டம், பறிபோன பொருளின் மதிப்பு. ஒரு கோப்பில் புகாரில் ஒரு தொகை இருக்கிறது, விசாரணை அறிக்கையில் அதைவிடக் குறைவு, தீர்ப்பில் தொகையே இல்லை. எதை எழுதுவது? அதே கோப்பை இன்னொரு மாணவரிடம் கொடுத்துத் தனியாகப் பதியச் சொன்னோம். அவர் வேறு தொகையை எழுதிக்கொண்டு வந்தார். அப்புறம் இருவரும் உட்கார்ந்து பேசி, புகாரில் உள்ள தொகையையே எடுப்பது, அது இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுவது என்று ஒரு விதி வகுத்தார்கள். வகுத்துவிட்டு முதல் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பதிந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது குமாஸ்தா வேலையாகத் தெரியலாம். எனக்கு இதுதான் இந்தப் படிப்பின் உயிர்நாடி.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். என் வகுப்பில் உட்கார்ந்த யாரும் இதைக் கேட்காமல் தப்பியதில்லை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 1930களில் ரிச்சர்ட் காபட் என்ற மருத்துவருக்கு ஒரு யோசனை. வசதி குறைந்த பகுதிகளில் வளரும் சிறுவர்களுக்கு அக்கறையுள்ள ஒரு பெரியவரின் துணை தொடர்ந்து கிடைத்தால், அவர்கள் தவறான வழிக்குப் போகாமல் இருப்பார்களா? கேட்டதோடு அவர் நிற்கவில்லை. 506 சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது, குடும்பம், சுபாவம் எல்லாம் பார்த்து ஒத்துப்போகும் இருவர் இருவராக ஜோடி சேர்த்தார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நாணயத்தைச் சுண்டினார்கள். ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் 253 பேர், இந்தப் பக்கம் 253 பேர்.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழும். நாணயம் சுண்டியா ஒரு குழந்தைக்கு உதவியை மறுப்பது என்பார்கள். நியாயமான கோபம்தான். கொஞ்ச நேரம் அதை அப்படியே வைத்திருங்கள்.

1939லிருந்து 1945 வரை, சராசரியாக ஒரு சிறுவனுக்கு ஐந்து வருடம் உதவி கிடைத்தது. ஆலோசகர்கள் மாதம் இரண்டு தடவை போல வீட்டுக்கே போனார்கள். படிப்பில் பின்தங்கியவனுக்குத் தனியாகப் பாடம், உடம்பு சரியில்லாதவனுக்கு வைத்தியம், கோடையில் முகாம். காபட் 1939இல் இறந்துவிட்டார், திட்டம் நடந்தது. முடிந்த சில வருடங்களில் கணக்குப் பார்த்தார்கள். குற்றத்தில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சரி, பலன் பிற்பாடு தெரியும் என்று பலரும் நினைத்தார்கள்.

முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் புறப்பட்டார். இப்போது அவர்கள் நடுவயது மனிதர்கள். ஊர் மாறியிருக்கிறார்கள், சிலர் இறந்துவிட்டார்கள். ஏறக்குறைய எல்லாரைப் பற்றியும் தகவல் திரட்டிவிட்டார். உதவி பெற்றவர்களிடம், அந்தத் திட்டம் உங்களுக்கு நன்மை செய்ததா என்று கேட்டார். மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆமாம் என்றார்கள். அது இல்லையென்றால் நானும் குற்றவாளி ஆகியிருப்பேன் என்றவர்களும் உண்டு. மனதாரச் சொன்ன வார்த்தைகள்.

இங்கே நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திட்டம் வெற்றி என்று எழுதி, எல்லா ஊரிலும் தொடங்கியிருப்பார்கள். மெக்கார்டிடம் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பட்டியல் இருந்தது. நாணயம் மறுபக்கம் விழுந்ததால் உதவி கிடைக்காத 253 பேரின் பட்டியல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குற்றப் பதிவு உள்ளவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். ஆனால் ஒரு குற்றம் செய்துவிட்டு மறுபடியும் செய்தவர்கள் உதவி பெற்ற பக்கத்தில் கூடுதல். குடிக்கு அடிமையான அறிகுறிகள் அந்தப் பக்கம் கூடுதல். கடுமையான மனநோய் கூடுதல். இறந்துபோனவர்களிலும் அந்தப் பக்கத்தவர்கள்தான் இன்னும் இளம் வயதில் இறந்திருந்தார்கள். 1978இல் இதை வெளியிட்டார். அன்போடு, காசு செலவழித்து, வருடக்கணக்கில் செய்த உதவி கெடுதல் செய்திருக்கிறது.

ஏன் இப்படி ஆனது? பல விளக்கங்கள் உண்டு. பின்னாளில் மெக்கார்டும் வேறு சிலரும் அதே பதிவுகளைத் திரும்ப அலசி, 1999இல் ஒன்றைக் காட்டினார்கள். கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போன சிறுவர்களிடம்தான் கெடுதல் அதிகம் தெரிந்தது. வம்பு செய்யும் பையன்கள் ஒன்றாகக் கூடி, ஒருவனைப் பார்த்து ஒருவன் கற்றுக்கொண்டிருக்கலாம். பெரியவர்கள் முகாமை உதவியின் கணக்கில் எழுதினார்கள், பையன்களுக்கு அது புதுக் கூட்டாளிகள் கிடைத்த இடமாகிவிட்டது.

இப்போது அந்தக் கோபத்துக்குத் திரும்புவோம். நாணயம் சுண்டியிருக்காவிட்டால் இந்தக் கெடுதல் யாருக்குமே தெரிந்திருக்காது. பயனடைந்ததாகச் சொன்னவர்களின் நன்றி மட்டும்தான் நம் கையில் மிஞ்சியிருக்கும். அதனால்தான் என் மாணவர்களிடம் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்கிறேன். யாரோடு ஒப்பிடுகிறீர்கள்? தெருவில் கேமரா மாட்டினார்கள், அப்புறம் திருட்டே இல்லை என்கிறீர்கள். சரி, கேமரா மாட்டாத தெருவில் அதே மாதங்களில் என்ன நடந்தது? அங்கேயும் குறைந்திருந்தால்? இந்தத் தெருவிலிருந்து அங்கே நகர்ந்திருந்தால்? யாரோடு ஒப்பிடுகிறீர்கள்?

இதே கேள்வியில் விழுந்தவை இன்னும் உண்டு. அடங்காத பிள்ளைகளைச் சிறைக்கு அழைத்துப்போய், கைதிகளைவிட்டே மிரட்டவைத்தால் பயந்து திருந்துவார்கள் என்று 1970களில் அமெரிக்காவில் ஒரு முறை பிரபலமானது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நம்மில் பலர் இதையே சொல்வோம். முறையாக நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அழைத்துப்போகாத பிள்ளைகளைவிட அழைத்துப்போன பிள்ளைகளே பிற்பாடு அதிகமாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். இன்னொன்று, 1972-73இல் கான்சாஸ் சிட்டியில் நடந்தது. 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். சிலவற்றில் வழக்கமான ரோந்து, சிலவற்றில் இரண்டு மூன்று மடங்கு, சிலவற்றில் ரோந்தே கிடையாது, கூப்பிட்டால் மட்டும் போவார்கள். குற்றத்திலும் மக்களின் பயத்திலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் வரவில்லை. காவலே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பரந்த பகுதியில் வண்டியில் சுற்றிவருவது பற்றித்தான் அந்த ஆய்வு. சில முனைகளில், சில கட்டடங்களில் குற்றம் குவிந்திருக்கும். அங்கே கவனத்தைக் குவித்தால் பலன் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அதனால், சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஆய்வு முறைகளுக்கும் புள்ளியியலுக்கும் எத்தனை தாள் என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கணக்கென்றால் பயம் என்று சொல்லும் பிள்ளைகள் பலர், கேள்வி தங்களுடையதாக ஆனதும் நன்றாகவே செய்துவிடுகிறார்கள். தன் ஊர்ச் சிறுவர் இல்லத்துக்கு ஏன் அதே பையன்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால், அட்டவணை போடக் கை தானாக வரும்.

காவல் துறையிலோ சிறைத் துறையிலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருகிறவர்களும் உண்டு. நான் அவர்களை மிகவும் மதிக்கிறேன். புத்தகத்தில் இல்லாத விஷயம் அவர்களுக்குத் தெரியும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா என்ற எண்ணத்தை மட்டும் வகுப்பு வாசலில் இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும். சிறை அதிகாரி பார்ப்பது திரும்பி வருகிற கைதிகளை. திரும்பி வராமல் எங்கோ ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறவன் அவர் கண்ணில் படுவதே இல்லை.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். வேலைவாய்ப்பு பற்றியும் ஆய்வேடு பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டம் மட்டுமே உங்களைக் காவல் அதிகாரி ஆக்கிவிடாது, அதற்குத் தேர்வு தனி. நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறுவர் இல்லங்கள், பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி மையங்கள், சிறைச் சீர்திருத்தம், காவல் துறையில் குற்றத் தரவுப் பகுப்பாய்வு, வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு, அப்புறம் முனைவர் பட்டம், இவையெல்லாம் திறந்திருக்கின்றன. ஆய்வேட்டுக்குச் சிறைக்குள் போய்ப் பேட்டி எடுக்க ஆசைப்பட்டால், அனுமதிக் கடிதத்தை முதல் பருவத்திலேயே எழுதத் தொடங்குங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஒரு பக்கம், சிறை நிர்வாகத்தின் ஒப்புதல் ஒரு பக்கம், இரண்டும் மெதுவாகத்தான் வரும். வராமலும் போகலாம். அதனால் பொதுவில் கிடைக்கும் தரவை வைத்து மாற்றுத் தலைப்பு ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பெயரையும் புகழையும் மட்டும் பார்க்காமல், இப்போது அவரிடம் ஆய்வு செய்யும் மாணவர்களைத் தேடிப் பிடித்து, எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை எத்தனை நாளில் படித்துத் திருப்பித் தருகிறார் என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.