நைட்டிங்கேலுக்கு என்ன கலர்?

வணக்கம்ங்க. இன்னிக்கு மெதுவாத்தான் பேசுவேன். ஏன்னு இப்ப உங்களுக்கே கேக்கும். மணி ராத்திரி ஒன்னே முக்கால். பெர்லின்ல டிரெப்டோவர் பார்க்ல நிக்கிறேன். மே மாசம்தான், ஆனா ஸ்வெட்டருக்கு மேல ஜாக்கெட் போட்டும் விரல் விறைக்குது. கேமராவுல ஒன்னும் தெரியாது, வெறும் இருட்டு. கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.

(பறவை பாடுகிறது)

முதல்ல அந்த விசில். பியூ… பியூ… பியூ… ஒரே சுருதியில, காதோட சொல்ற மாதிரி ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. ஏறினதும் சட்டுனு ஒரு உருட்டு, மிருதங்கத்துல தீர்மானம் வெச்ச மாதிரி. அப்புறம் நிறுத்திடுது. அந்த நிறுத்தத்துல என் மூச்சும் நின்னுடுது. அடுத்து என்ன வரும்னு ஊகிக்கவே முடியாது. ஏன்னா ஒரு ஆண் பறவைகிட்ட கிட்டத்தட்ட 180, 200 விதமான பாட்டு இருக்கு.

இதுதாங்க நைட்டிங்கேல். ஜெர்மன்ல நாக்டிகால். எனக்குப் பத்தடி தூரத்துல, அந்த முள்ளுப் புதருக்குள்ள உக்காந்திருக்கு. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம்தான் பெரிசு, எடை சுமார் 20 கிராம். குளிர்காலத்தை சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவுல கழிச்சுட்டு, பாலைவனத்தையும் கடலையும் தாண்டி ஏப்ரல் நடுவுல இங்க வந்து சேரும். பெர்லின்ல மட்டும் ஆயிரம் ஜோடிக்கு மேல கூடு கட்டுது. இந்த ஊர்ப் பூங்காக்கள்ல புதரை ஒட்ட வெட்டாம, உதிர்ந்த இலையைக் கூட்டிப் பெருக்காம நிறைய இடத்துல அப்படியே விட்டுடுவாங்க. இதுக்கு வேண்டியதும் அதுதான்.

பாடுறது ஆண். ராத்திரியில விடாம பாடுறது பெரும்பாலும் இன்னும் ஜோடி கிடைக்காத ஆண். பெண் பறவைங்க ராத்திரியிலதான் பயணம் பண்ணி வந்து இறங்கும். இறங்குனதும் ஒவ்வொரு ஆண் இருக்கற இடமா இருட்டுலயே போய்ப் பாட்டைக் கேட்டுட்டு வருதுன்னு, பிரான்ஸ்ல பறவைங்க மேல ரேடியோ கருவி மாட்டிக் கண்டுபிடிச்சிருக்காங்க. ஜோடி சேர்ந்துட்டா ராத்திரிப் பாட்டு பெரும்பாலும் நின்னுடும்.

இருங்க… இருங்க. அந்தப் பக்கம் இன்னொன்னு. கேட்டுச்சா? இது விட்ட விசில் எந்த சுருதியோ, அது அதே சுருதியில திருப்பிக் குடுக்குது. போட்டியா இன்னொரு ஆண் விசிலடிச்சா அந்த சுருதியைப் பிடிச்சுப் பதில் பாடும், 2023ல வந்த ஒரு ஆய்வு இது. இன்னொன்னும் சொல்லணும். இந்த பெர்லின்லயே வண்டிச் சத்தம் அதிகமா இருக்கற இடத்துல இருக்கற பறவைங்க இன்னும் சத்தமா பாடுதுங்க. வார நாள்ல சத்தமா, சனி ஞாயிறுல கொஞ்சம் தணிச்சு. 2004ல அளந்து பார்த்து எழுதியிருக்காங்க. வேலைக்குப் போற நம்ம காருக்கு மேல தன் குரலை எழுப்ப வேண்டியிருக்கு அதுக்கு. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமா இருக்குங்க.

சரி, வீட்டுக்குப் போய்ப் பேசுறேன்.

(வீடு, வரையும் மேசை)

இப்ப வெளிச்சம் நல்லா இருக்கா? விஷயத்துக்கு வரேன். என் சிநேகிதி ஒருத்தி தமிழ்ல குழந்தைங்களுக்குப் பறவைப் புத்தகம் எழுதுறா. நைட்டிங்கேல் பக்கத்துக்குப் படம் நான் வரையுறேன். "நல்லா கலரா போடு, குழந்தைங்களுக்குப் பிடிக்கணும்"னு சொல்லிட்டா. மூணு வாரமா இதே யோசனைதான். ஏன்னா இந்தப் பறவை பழுப்பு. அவ்வளவுதான். முதுகு பழுப்பு, வயிறு அழுக்கு வெள்ளை, வால் மட்டும் கொஞ்சம் செங்கல் நிறம். ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி.

அப்ப இத்தனை நூற்றாண்டா மத்தவங்க எப்படி வரைஞ்சாங்கன்னு தேடிப் பார்த்தேன். தேடத் தேட ஒன்னு புரிஞ்சுது. பெரும்பாலானவங்க பறவையை வரையலை, அந்தக் குரலை வரைஞ்சிருக்காங்க. குரல் அவ்வளவு அழகா இருக்கே, அந்த அழகைக் கொண்டுபோய் இறக்கையில ஏத்திட்டாங்க.

ஈரான்ல 'குல்-ஓ-புல்புல்'னு ஒரு ஓவிய மரபே இருக்கு. ரோஜாவும் நைட்டிங்கேலும். ரோஜா காதலி, பறவை காதலன். 19ஆம் நூற்றாண்டுல ஷிராஸ் ஊர்ல லுத்ஃப் அலி சூரத்கர்னு ஒரு ஓவியர் இதுல கைதேர்ந்தவர். காகிதக் கூழ்ல செஞ்ச நீளமான பேனாப் பெட்டி இருக்கும், கலம்தான்னு சொல்வாங்க. அது மேல வரைஞ்சு வார்னிஷ் பூசுவாங்க. ஒரு பெட்டியோட படத்தைப் பெருசாக்கிப் பார்த்துட்டே இருந்தேன். ரோஜா இதழோட ஓரம் எப்படி மடியுதுன்னு கூட வரைஞ்சிருக்காங்க, மூச்சு விட்டா கலைஞ்சிடும் போல. ஆனா அந்த மரபுல வர்ற பல பறவைங்களைப் பார்த்தா நான் இப்ப புதர்ல கேட்ட பறவையா தெரியலை. நிறம் வேற, அலகு வேற. அது காதலனோட படம்.

இந்த 'புல்புல்'ங்கற வார்த்தை நமக்கும் தெரியும். பாரசீகத்துல அது நைட்டிங்கேல். இந்தியாவுல அந்தப் பேர் வேற பறவைக்குப் போயிடுச்சு, நம்ம சின்னான். வீட்டு மாடித் தோட்டத்துக்கு வருமே, வாலுக்கு அடியில சிவப்பா, அது. தமிழ்ல இன்னொரு மாற்றமும் நடந்திருக்கு. சரோஜினி நாயுடுவை இங்கிலீஷ்ல 'நைட்டிங்கேல் ஆஃப் இந்தியா'ன்னு சொல்வாங்க, நாம 'கவிக்குயில்'னு படிச்சோம். பொருத்தமான பேர்தான், ஏன்னா நமக்கு நைட்டிங்கேல் இல்ல, குரலுக்குன்னு குயில்தான் இருக்கு. ஆனா குயில் காக்கா கூட்டுல முட்டை போடுற சாதி. நைட்டிங்கேலோட சொந்தக்காரங்கள்ல நம்ம ஊர்ல நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் குண்டுக்கரிச்சான். கருப்பு வெள்ளையா, விடியக்காலையில ஆன்டெனா மேல உக்காந்து பாடுமே, அது. ரெண்டும் ஒரே குடும்பம். இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்க அம்மா வீட்டு மாடியில கேட்ட குரலுக்கும் இந்தப் புதர்க் குரலுக்கும் உறவு இருக்கு!

அப்புறம் ஐரோப்பாவுல அந்த சோகக் கதை. கிரேக்கக் கதை. டீரியஸ்னு ஒரு ராஜா, மனைவியோட தங்கச்சி ஃபிலொமீலாவைக் கெடுத்துட்டு, அவ வெளிய சொல்லிடக் கூடாதுன்னு நாக்கை அறுத்துடறான். அவ நடந்ததைத் துணியில நெய்து அக்காவுக்கு அனுப்புறா. கடைசியில எல்லாரும் பறவையா மாறிடறாங்க. பழைய கிரேக்கக் கதையில நைட்டிங்கேலா மாறுறது அக்கா, பெத்த பிள்ளையைத் தன் கையாலயே கொன்னுட்டு அவனுக்காக அழுறவ. நாக்கில்லாத தங்கச்சி தகைவிலான் குருவி ஆயிடுறா. ரோமானியர் காலத்துல இது மாறி, தங்கச்சியே நைட்டிங்கேல் ஆயிட்டா. அதுக்கப்புறம் ஐரோப்பியக் கவிதை முழுக்க இந்தப் பறவை அழுற பெண்தான். நெஞ்சை முள்ளுல அழுத்திக்கிட்டுப் பாடுதுன்னு வேற ஒரு கதை சேர்ந்துடுச்சு. நிஜத்துல பாடுறது ஆண். அந்த முள்ளும் அதுக்கு வலி இல்லைங்க, வீடு. பூனையோ நரியோ உள்ள நுழைய முடியாத வீடு.

மாக்ஸ் எர்ன்ஸ்ட்னு ஒரு ஓவியர் 1924ல வரைஞ்ச படம் ஒன்னு நியூயார்க்ல மோமாங்கற கலை அருங்காட்சியகத்துல இருக்கு. ஒரு சின்ன நைட்டிங்கேலைப் பார்த்துப் பிள்ளைங்க மிரளுறாங்க, நிஜ மரத்துல செஞ்ச கேட் ஒன்னு படத்தை விட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. காய்ச்சல் கனவு மாதிரி இருக்கும். எனக்கு உதவுற படம் இல்ல, ஆனா ஒரு தடவை பார்த்தா மறக்காது.

எனக்கு உதவுனது ரெண்டு பேர். ஒருத்தர் தாமஸ் பியூயிக், இங்கிலாந்துக்காரர். 1797ல வந்த அவரோட பறவைப் புத்தகத்துக்குப் படங்களைக் கெட்டியான மரக்கட்டையில செதுக்கி அச்சடிச்சார். கருப்பு மை மட்டும்தான். கலரே இல்லாததால பறவையைப் பகட்டாக்க வழியே இல்ல. இறகோட அடுக்கு, உடம்போட சாய்வு, அதைத்தான் பார்க்கணும்.

இன்னொருத்தர் ஜான் கிளேர், கவிஞர், நார்த்தாம்ப்டன்ஷயர்ல கூலி விவசாயியா இருந்தவர். நைட்டிங்கேல் பத்தி இன்னொரு ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1819ல லண்டன் ஹாம்ப்ஸ்டெட்ல எழுதின கவிதைதான் உலகத்துக்கே தெரியும், அது குரலைக் கேட்டு எங்கெங்கேயோ பறந்து போற மனசு. கிளேர் அப்படி இல்லைங்க. முள்ளுக்குள்ள கையும் முட்டியும் ஊனித் தவழ்ந்து போய்க் கூட்டைப் பார்க்கிறார். காய்ஞ்ச ஓக் இலை, பாசி, புல்லு, உள்ள அஞ்சு முட்டை, வெள்ளையோ நீலமோ இல்ல, மங்கின பச்சை, சரியாச் சொன்னா ஆலிவ் பழுப்பு. இவ்வளவு பேர் வாங்கின பறவைக்கு இந்தப் பழுப்பை விட நல்ல உடுப்பு கிடைக்கலையான்னு ஆச்சரியப்பட்டேன்னு அவரே எழுதுறார். அதைப் படிச்சதும் பிரஷ்ஷை எடுத்துட்டேன். அவர் தவழ்ந்து போன அந்த இங்கிலாந்துல, போன அம்பது வருஷத்துல இந்தப் பறவை சுமார் 90 சதவீதம் குறைஞ்சிடுச்சு. அடிப்புதர் போனது ஒரு காரணம், பெருகின மான்கள் தளிரை மேய்ஞ்சுடுறது இன்னொன்னு.

இப்ப பாருங்க, கேமராவை இறக்குறேன். பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பு, கூட ரா அம்பர்ங்கற மண் பழுப்பு. தனியா சியன்னா போட்டா ஆரஞ்சு அடிக்கும், அதனால நீலம், அல்ட்ராமரின், ஊசி முனை அளவு. இப்ப பழுப்பு அடங்கிடுச்சு பாருங்க. முதுகுக்கு இது. வயித்துல பேப்பரோட வெள்ளையே இருக்கட்டும், ஓரத்துல மட்டும் பிரஷ் கழுவின தண்ணி. கண்ணு கொஞ்சம் பெரிசு, கருப்பு, சுத்தி மெல்லிசா வெளிர் வளையம். அந்த வளையத்துக்குப் பேப்பரைத் தொடாம விடணும், அப்புறம் வெள்ளை வெச்சா செத்த மாதிரி ஆயிடும்.

கலர் எங்கேன்னா, சுத்தியும். புது இலையோட பச்சை, போன வருஷத்துக் காய்ஞ்ச இலை, மொட்டு விட்ட முள்ளுச் செடி. பறவை அதுக்குள்ள முக்கால்வாசி மறைஞ்சிருக்கு. தொண்டை புடைச்சிருக்கு, வாய் திறந்திருக்கு. குழந்தைங்க தேடணும். தேடிக் கண்டுபிடிச்ச பறவையை அதுங்க விடவே விடாது, இதை நான் நிச்சயமா நம்புறேன். சிநேகிதிகிட்டயும் இதையே சொல்லப்போறேன்.

வாலுக்கு மட்டும் சுத்தமான சியன்னா, ஒரே இழுப்பு… ம். சரியா வந்திருக்கு. இது காயட்டும், காஞ்சதும் ஸ்கேன் பண்ணி அவளுக்கு அனுப்புறேன். ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன், மணி நாலேகால், இப்ப கரும்பறவைங்களும் பாட ஆரம்பிச்சிடுச்சு. கேக்குதா?