வகுப்பறைக்கும் வாசகர் கூடத்துக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு கல்லூரி நூலகப் பணிக்கான நேர்காணலில், தேர்வுக் குழுவில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். வந்திருந்த பிள்ளைகள் அனைவரும் நூலக அறிவியலில் முதுகலை முடித்தவர்கள். இரண்டு பேர் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்விலும் தேறியிருந்தார்கள். எல்லாரிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் உங்கள் மேசைக்கு வருகிறார். 'உங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம்' என்று ஏதோ ஓர் ஆய்விதழிலிருந்து அவருக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. இதை நம்பலாமா என்று கேட்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

பலர் பேசாமல் இருந்தார்கள். ஒரு பெண் மட்டும் சற்று யோசித்துவிட்டு, இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளையும் தடுமாற்றமே இல்லாமல் சொன்னார். அதில் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதைச் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் ஒரு தவிப்பு தெரிந்தது. கேட்கப்பட்ட கேள்விக்கும் இந்த விதிக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தொடர்பு என்று சொல்லத்தான் வரவில்லை. குறை அவருடையது அல்ல. இரண்டு ஆண்டுகள் அவருக்கு விதியைச் சொல்லிக்கொடுத்தோம். அந்த விதியோடு ஒரு வாசகர் முன்னால் ஒருநாள்கூட நாம் அவரை நிறுத்தவில்லை.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இன்றைய உரை அந்த இரவில் யோசித்ததுதான்.

நூலகக் கல்வி நமக்கு வெளியிலிருந்து கொடுத்து அனுப்பப்பட்ட ஒன்று அல்ல. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அதே ஆண்டு லண்டனுக்குப் படிக்கப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டிய ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ், கிராய்டன் நகரப் பொதுநூலகத்தின் தலைமை நூலகர். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாடம் சொன்னவர் நூலகத்தை நடத்திக்கொண்டிருந்தவர். ரங்கநாதனும் அந்த வழியில்தான் நடந்தார். 1929-இல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் பயிற்சி வகுப்பு தொடங்கியது, 1931-இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் பல்கலைக்கழக நூலகராகவே பணியாற்றினார். காலையில் வாசகர் கேட்ட கேள்வி மாலையில் வகுப்புக்கு வர வழி இருந்தது.

இன்று அந்த வழி அடைபட்டிருக்கிறது. பல இடங்களில் நூலக அறிவியல் துறை ஒரு கட்டடத்தில் இருக்கிறது, நூலகம் வேறொரு கட்டடத்தில் இருக்கிறது. ஆசிரியர் நூலகத்தில் வேலை செய்வதில்லை, நூலகர் வகுப்பெடுப்பதில்லை. படித்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்றும், வேலைக்கு ஏற்ற ஆள் கிடைக்கவில்லை என்றும் ஒரே நேரத்தில் இரண்டு புலம்பல்களைக் கேட்கிறோமே, அதன் வேர் இந்தப் பிரிவில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பாடத்திட்டம் பழையது என்பதை இரண்டாவது காரணமாகத்தான் வைப்பேன்.

ஒரு கல்லூரி நூலகரிடம் இன்று என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பாருங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். ஆய்வேட்டில் பிறர் எழுத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று சோதிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறையில், ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் படிப்படியாக நடவடிக்கை உண்டு. ஆனால் மென்பொருள் காட்டும் சதவீதம் ஒரு எண் மட்டுமே. மேற்கோள் எது, பொதுவான சொற்றொடர் எது, திருட்டு எது என்று பிரித்துப் பார்க்க மனிதக் கண் வேண்டும். ஒரு ஆய்வாளரின் பல ஆண்டு உழைப்பு அந்தக் கண்ணை நம்பி நிற்கிறது.

இப்போது 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டமும் வந்திருக்கிறது. 2025 தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஒரு சிற்றூரின் அரசுக் கல்லூரி மாணவி, பெருநகரத்துப் பணக்கார நிறுவனத்தில் படிப்பவர் வாசிக்கும் அதே இதழை வாசிக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதைக் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டால் போதுமா? இந்தக் கடலில் தனக்கு வேண்டிய பத்துக் கட்டுரைகளை அந்த மாணவி எப்படிக் கண்டெடுப்பார் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத்தான் நாம் உருவாக்க வேண்டும்.

நம் செய்முறைத் தேர்வில் என்ன நடக்கிறது? பல இடங்களில் இன்றும் 12.5 சென்டிமீட்டர் நீளமும் 7.5 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட நூற்பட்டியல் அட்டையில், எத்தனை எழுத்து இடம் விட்டு ஆசிரியர் பெயரைத் தொடங்க வேண்டும் என்பதற்கு மதிப்பெண் கொடுக்கிறோம். உலக நூலகங்களுக்கெல்லாம் அட்டை அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்காவின் ஓசிஎல்சி நிறுவனம், 2015 அக்டோபரில் கடைசி அட்டைகளை அச்சிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. கோஹா என்ற நூலக மென்பொருள் நியூசிலாந்தின் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு, 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மாவோரி மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள் அன்பளிப்பு. காசில்லாமல் கிடைக்கும் அதை நிறுவி, ஒரு நூலின் விவரத்தை ஏற்றி, தேடிப் பார்க்க ஒரு பழைய கணினி போதும். இதைச் செய்யாமல் பட்டம் பெற்று வெளியே வரும் பிள்ளைகளை நான் இன்னும் பார்க்கிறேன்.

அதற்காக, பழையதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு நான்கு மென்பொருள்களைச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மென்பொருள் ஐந்து ஆண்டுகளில் மாறிவிடும். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பாக்கம் என்ற பாடத்தைப் பயனற்றது என்று சிலர் சொல்லும்போது எனக்கு மனம் வலிக்கிறது. ரங்கநாதன் தாம் உருவாக்கிய கோலன் பகுப்புமுறையில் செய்தது என்ன? ஒரு பொருளை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல், அது எது, எதனால் ஆனது, என்ன செயல் நடக்கிறது, எங்கே, எப்போது என்று பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தார். நீங்கள் கைப்பேசியில் புடவை வாங்கும்போது, பட்டு என்று ஒன்றைத் தொடுகிறீர்கள், அரக்கு நிறம் என்று இன்னொன்றை, ஐயாயிரம் ரூபாய்க்குள் என்று வேறொன்றை. பல்லாயிரம் புடவைகள் இருபதாகச் சுருங்குகின்றன. முகம் முகமாகப் பிரிக்கும் அந்தச் சிந்தனைதான் இங்கும் வேலை செய்கிறது. இணைய வணிக நிறுவனங்கள் பொருள்களை இப்படி வகைப்படுத்த ஆள் தேடுகின்றன. விளம்பரத்தில் 'நூலகர்' என்ற சொல் இருக்காது. அதனால் நம் மாணவர்கள் விண்ணப்பிப்பதில்லை. பகுப்பு எண்ணை மனப்பாடம் செய்யவைத்தோமே தவிர, இந்த அறிவுக்கு வெளியே என்ன பெயர் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் ஊரிலேயே, நம் மொழியிலேயே காத்திருக்கும் வேலை ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் நூல்கள் மின்னுருவாகிக்கொண்டிருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த அச்சுச் செல்வத்திலிருந்து 1994-இல் உருவான ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இருக்கிறது. ஈழத்து எழுத்துகளை 2005-இலிருந்து சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. பக்கங்களைப் படமெடுப்பதை ஓர் இயந்திரம் செய்துவிடும். எடுத்த படம் தேடினால் கிடைக்க வேண்டுமானால், ஒவ்வொரு நூலுக்கும் யார் எழுதியது, எப்போது, எதைப் பற்றி என்ற மீதரவைச் சரியாக எழுத வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழர் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில முறையில் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கிறது படிவம். நமக்குக் குடும்பப் பெயர் எங்கே? ரங்கநாதனின் பெயருக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊர், மற்றொன்று தந்தை. புனைபெயர்கள் வேறு. சொ. விருத்தாசலம் என்று தேடுபவருக்குப் புதுமைப்பித்தன் கிடைக்க வேண்டும். எஸ். ரங்கராஜன் என்றாலும் சுஜாதா வர வேண்டும். 'கல்கி' என்பது ரா. கிருஷ்ணமூர்த்தியின் பெயர், அவர் நடத்திய வார இதழின் பெயரும் அதுவே. மூன்று பட்டியல்களில் மூன்று விதமாக எழுதப்பட்டால் ஓர் எழுத்தாளர் மூன்று பேராகிவிடுகிறார்.

அகரவரிசையும் அப்படித்தான். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறியில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. நம் நெடுங்கணக்கில் 'ன' கடைசி மெய். ஆகவே மென்பொருளைச் சரிசெய்யாமல் வரிசைப்படுத்தினால் 'கனல்' முன்னால் வந்து 'கபம்' பின்னால் போய்விடும். அகராதியில் இது தலைகீழ். இதைப் பார்த்தவுடன் தவறு என்று சொல்லத் தமிழும் தெரிய வேண்டும், தரவும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவரை எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் நமக்கு உருவாக்கித் தராது. நம் பாடத்திட்டங்களிலோ, தமிழ் நூல்களைப் பட்டியலிடுவது ஓர் அலகின் ஓரத்தில் ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது.

சென்னையில் இன்னொரு பெரிய தொழிலும் நடக்கிறது. உலகின் பல ஆய்விதழ்களும் நூல்களும் இங்குள்ள நிறுவனங்களில்தான் பக்கமாக வடிவமைக்கப்படுகின்றன. மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பது, கட்டுரையின் விவரங்களைத் தரப்படுத்துவது, சொல்லடைவு தயாரிப்பது எல்லாம் அங்கே அன்றாட வேலை. இவை அத்தனையும் நூலக அறிவியல் சொல்லும் பாடங்களே. ஆனால் நூலக அறிவியல் மாணவர்கள் அந்த வாசலைத் தட்டிப் பார்ப்பது அரிது.

அரசுப் பொதுநூலகப் பணியையே நம்பியிருக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். 1948-இல் விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் நிறைவேற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். காலியிடங்களை முறையாக நிரப்பினால்தான் பாடத்திட்ட மாற்றத்துக்கே பொருள் இருக்கும். வேலையே இல்லாத சந்தைக்கு ஏற்ப யாரையும் தயார்செய்ய முடியாது. இதை அரசும் கேட்கட்டும் என்றுதான் வானொலியில் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்? பாடத்திட்டக் குழுவில் பேராசிரியர்களோடு, பணியில் இருக்கும் நூலகர்களும், ஆவணக் காப்பகத்தில் வேலை செய்பவர்களும், பதிப்பு நிறுவனத்தில் இருப்பவர்களும் உட்கார வேண்டும். பெயருக்கு ஒருவரை அழைத்துக் கையெழுத்து வாங்குவதை நான் சொல்லவில்லை. ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நூலகத்தில் சில மாதங்கள் பணியாற்றிவிட்டு வரட்டும். மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுவதும் களப்பயிற்சி வேண்டும். இப்போது பல இடங்களில் பதினைந்து நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, முந்தைய ஆண்டு மாணவர் எழுதிய அறிக்கையைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நூலகர்களாகிய நம் பக்கமும் தவறு உண்டு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் புத்தகம் அடுக்கவும் தூசி தட்டவும் மட்டும் பயன்படுத்துகிறோம்.

நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த நேர்காணலுக்குப் பிறகு, எங்கள் நூலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருவரிடம் எங்கள் தமிழ் நூற்பட்டியலைக் கொடுத்தேன். "ஆசிரியர் பெயர்களை மட்டும் பார், தவறு இருந்தால் சொல்" என்றேன். முதல் வாரம் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஒரே எழுத்தாளர் ஐந்து விதமாகப் பதிவாகியிருந்ததை எழுதி வைத்திருந்தார். அவற்றில் இரண்டை இருபது ஆண்டுகளுக்கு முன்பு நானே பதிந்திருந்தேன். "ஐயா, இதில் எதை வைத்துக்கொள்வது, யார் முடிவு செய்வது?" என்று கேட்டார். அன்று மாலை முழுவதும் உட்கார்ந்து நாங்கள் இருவரும் அதற்கு ஒரு விதி எழுதினோம். அடுத்த பருவத்தில் வருகிற மாணவர்கள் அந்த விதியை வைத்துக்கொண்டு 'க' வரிசையைத் தொடங்குவார்கள்.

நன்றி. வணக்கம்.