கீற்றுக் கொட்டகை: ஊரே சேர்ந்து கட்டிய அரங்கம்

[காட்சி: ஏற்காடு சாலை, மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு]

வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற வழியில் இந்த வளைவைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கிருந்து போயிருக்கின்றன. இதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் பேசிவிட்டார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் இங்கே எடுத்த படங்களை நம் தாத்தா பாட்டிகள் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள்? அந்த இடங்களுக்கு ஒரு வளைவுகூட மிஞ்சவில்லையே, அதற்காகத்தான் இந்த வீடியோ.

[காட்சி: பூங்கா ஓரத்து வெற்று மைதானம், மாலை வெளிச்சம்]

கொட்டகை. இந்தச் சொல்லைக் கேட்டாலே மணல் ஞாபகம் வருகிறவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

சினிமாவுக்கு முன்னால் இது நாடகத்தின் இடம். ஊர்த் திருவிழாவில் நாடகம் என்றால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள், பணம் இல்லாதவர் மூங்கில் தருவார், அதுவும் இல்லாதவர் வேலைக்கு வந்து நிற்பார். கடப்பாரையால் குழி போட்டு சவுக்குக் கம்பம் நட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, மேலே கீற்று. அந்தக் கீற்றைக் கொஞ்சம் கவனியுங்கள். தென்னை மட்டையை இரண்டாகப் பிளந்து சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் ஓலை வளைந்து கொடுக்கும், முடையும்போது ஒடியாது. வேயும்போது கீழ் விளிம்பில் தொடங்கி மேலே ஏறுவார்கள், ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே உள்ளதன் மேல் பாதி ஏறி உட்கார வேண்டும், இல்லையென்றால் முதல் மழைக்கே உள்ளே ஒழுகும். இதைச் செய்தவர்கள் யாரும் கட்டடம் கட்டப் படித்தவர்கள் இல்லை. தங்கள் வீட்டுக் கூரையை எப்படி வேய்ந்தார்களோ அப்படியே இதையும் வேய்ந்தார்கள்.

மைக் கிடையாது. கடைசி வரிசையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும் பாட்டு கேட்க வேண்டும், அதனால் நடிகர்கள் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உச்சத்தில் எடுத்துப் பாடினார்கள்.

சரி, சினிமா எப்படி உள்ளே வந்தது? 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே குமாஸ்தா, ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டப் புறப்பட்டார். 1931-இல் தமிழ் பேசும் படம் வந்த பிறகு நாடகம் நடந்த கொட்டகைகளிலேயே வெள்ளைத் திரை ஏறியது. படச்சுருள் அப்போது நைட்ரேட்டால் ஆனது, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மேலே காய்ந்த கீற்று வேறு. 1918 சினிமாட்டோகிராப் சட்டம் படம் காட்டும் இடத்துக்கு லைசென்ஸ் கேட்டதில் தீ பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

[காட்சி: மணல் தரை, அருகில் இருந்து]

உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு தடுப்புச் சுவர். தரை டிக்கெட்காரர்கள் மணலைக் கையால் குவித்து மேடு செய்து அதன் மேல் உட்காருவார்கள். முன்னால் இருப்பவர் கொஞ்சம் உயரமாகக் குவித்துவிட்டால் பின்னால் இருப்பவரும் குவிக்க வேண்டும், அப்படியே கொட்டகை முழுக்க மேடு பள்ளமாகிவிடும். பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர்தான், ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, மூன்று நான்கு முறைகூட. முறுக்கு விற்கிறவருக்கு அதுதான் வியாபாரம்.

என்னைக் கேட்டால் அந்த மணல்தான் அரங்கமே. நாற்காலி வந்த பிறகு நமக்கு என்று ஒரு நம்பர் வந்துவிட்டது, பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்கத் தேவையில்லாமல் போனது.

[காட்சி: சேலம் குகைப் பகுதி, ஆடி மாத இரவு]

கொட்டகை கட்டிய அந்தக் கைகள் இப்போது எங்கே? ஆடி மாதம் சேலத்தில் குகை என்கிற பகுதிக்கு வாருங்கள், வண்டி வேடிக்கைக்கு. தெருக்காரர்களே காசு போட்டு, மூங்கில் கட்டி, துணி சுற்றி, சீரியல் லைட் போட்டு ஒரு வண்டியையே மேடையாக்குகிறார்கள். சாமி வேஷம் போட்டு மேலே நிற்பது பக்கத்து வீட்டுப் பையன். வண்டி தெருவில் மெல்ல நகரும்போது, கிரீடம் சரியாமல் இருக்க ஒருத்தர் பின்னாலிருந்து அவன் கழுத்தருகே கயிற்றை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார், பாருங்கள்.