தோற்றத்தை மாற்றினால் வாக்கு மாறுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிர்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

"தேர்தலில் தோற்ற தலைவர் மறுபடி நின்று வெல்வது புதிய தோற்றத்தாலா, வாக்குக் கணக்காலா?" என்பது இன்றைய தலைப்பு. வாக்குக் கணக்கால்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் தமக்குக் கிடைத்த நேரத்தில் முக்கால் பங்கை அமெரிக்காவின் ரிச்சர்ட் நிக்சனுக்கே கொடுத்துவிட்டார். 1960 அதிபர் தேர்தலில் வியர்த்ததால் தோற்றார், 1968இல் வியர்க்காததால் வென்றார் என்றார். கைத்தட்டும் வாங்கினார். நானும் நிக்சனிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் விட்டுப்போன பாதிக் கதையில்தான் எங்கள் வழக்கு இருக்கிறது.

முதலில் அவர்கள் தரப்புச் சாட்சியத்தை நானே ஒழுங்காக எடுத்து வைத்துவிடுகிறேன். 1960 செப்டம்பர் 26, சிகாகோ தொலைக்காட்சி நிலையம், எதிர்வேட்பாளர் ஜான் கென்னடியுடன் முதல் விவாதம். முழங்காலில் சீழ் பிடித்து மருத்துவமனையில் கிடந்து எழுந்தவர் நிக்சன். உடல் மெலிந்து சட்டைக் கழுத்து தொளதொளவென்று நிற்கிறது. சாம்பல் நிறக் கோட்டு; பின்திரையும் சாம்பல். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆள் சுவரோடு சுவராகப் போய்விட்டார். முறையான ஒப்பனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாலையில் தலைகாட்டும் தாடிக் கருமையை மறைக்க 'லேசி ஷேவ்' என்ற பவுடரை மட்டும் அப்பியிருந்தார்கள். விளக்குச் சூட்டில் வியர்வை வழிந்து அதுவும் கலைந்தது. இதெல்லாம் நடந்தது, மறுக்கவில்லை.

1968இல் இந்த ஒவ்வொரு ஓட்டைக்கும் ஓர் ஆணி அடித்தார்கள். ரோஜர் எய்ல்ஸ் என்ற இளைஞர், வயது முப்பதைத் தொடவில்லை, பகல்நேர அரட்டை நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டிருந்தவர், நிக்சனின் தொலைக்காட்சிப் பொறுப்புக்கு வந்தார். அவர் எழுதிவைத்த குறிப்புகளைப் பாருங்கள். நிக்சனுக்கு மேலுதட்டில்தான் முதலில் வியர்க்கும். ஆகவே ஒளிபரப்புக்கு நான்கு மணி நேரம் முன்பே அரங்கின் ஏ.சி.யை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். ஒத்திகையைக் குறைத்து விளக்குகளை அணைத்தே வைக்க வேண்டும். கண்கள் குழிக்குள் இருப்பவை. மேலிருந்து விழும் ஒளி அங்கே நிழல் கட்டி, ஆளைக் கள்ளப் பார்வைக்காரராகக் காட்டும். அதனால் முன்விளக்கைத் தாழ்த்த வேண்டும். மேல் இமைக்குச் சற்று வெளிறிய பூச்சு போட்டுப் பார்க்க வேண்டும். அவ்வப்போது வெயிலில் நிற்க வைத்து முகத்தில் நிறம் ஏற்ற வேண்டும்.

மேடையையும் மாற்றினார்கள். மேசை இல்லை, எழுதிவைத்த தாள் இல்லை. வட்ட மேடையில் நிக்சன் தனியாக நிற்பார். சுற்றிலும் சாதாரணக் குடிமக்கள் சிலர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அவர்களுக்குப் பின்னால் சில நூறு பார்வையாளர்கள். அத்தனை பேரையும் நிக்சனின் கட்சியான குடியரசுக் கட்சியின் உள்ளூர்க்காரர்களே பிடித்து வந்து உட்காரவைத்தார்கள். பத்திரிகையாளருக்கு அரங்குக்குள் இடமில்லை. வேறோர் அறையில் திரையில் பார்த்துக்கொள்ளலாம். நெறியாளர் நாடறிந்த அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் பட் வில்கின்சன். நிகழ்ச்சி நாடு முழுக்கப் போகாமல் வட்டாரம் வட்டாரமாகப் போனது. ஓர் ஊரில் சொன்ன பதிலையே அடுத்த ஊரில் புதிதாக யோசித்துச் சொல்வதுபோலச் சொல்லலாம் அல்லவா! இதில் ஒளிந்திருக்கும் கெட்டிக்காரத்தனத்துக்கு நானே கைத்தட்டுவேன்.

பிரசாரப் பயணத்தை நிக்சனின் உதவியாளர் ஹால்டிமன் வகுத்தார். ஒரு நாளைக்குப் பத்துக் கூட்டம் பேசித் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே நிகழ்ச்சி போதும், அதுவும் மதியத்துக்குள். அப்போதுதான் படச்சுருளைக் கழுவி மாலைச் செய்திக்கு அனுப்ப நேரம் கிடைக்கும். செப்டம்பர் 16 அன்று நாடே சிரித்துக்கொண்டிருந்த 'லாஃப்-இன்' நகைச்சுவை நிகழ்ச்சியில் சில விநாடிகள் முகம் காட்டினார். விளம்பரச் செலவோ, எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹம்ப்ரி தரப்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு.

சரி நடுவர் அவர்களே, சாட்சியம் முடிந்தது. இப்போது கல்லாப்பெட்டியைத் திறப்போம்.

வியர்த்த நிக்சன் 1960இல் வாங்கியது 49.6 விழுக்காடு, சுமார் 3 கோடியே 41 லட்சம் வாக்குகள். ஏ.சி.யில் குளிர்ந்த நிக்சன் 1968இல் வாங்கியது 43.4 விழுக்காடு, சுமார் 3 கோடியே 18 லட்சம். எட்டு ஆண்டில் நாட்டில் வாக்காளர் கூடியிருக்க, புதிய நிக்சனுக்குப் பழைய நிக்சனைவிட இருபது லட்சத்துக்கு மேல் வாக்குக் குறைந்தது. இதற்குத்தான் அத்தனை விளக்கைத் தாழ்த்தினார்கள்!

எதிரணியில் ஒருவர் இப்போதே எழுதிக்கொள்கிறார். என்ன எழுதுகிறார் என்று தெரியும்: "1968 மும்முனைப் போட்டி. ஜார்ஜ் வாலஸ் 13.5 விழுக்காட்டைக் கொண்டுபோனார். விகிதம் குறையத்தானே செய்யும்?" நியாயமான கேள்வி. வாலஸ் இல்லாவிட்டால் தென்மாநில வாக்குகளில் பெரும்பகுதி நிக்சனுக்கே வந்திருக்கும் என்றுகூடச் சொல்லலாம். அதனால் 1960ஐ மறந்துவிடுவோம். 1968க்குள்ளேயே நிற்போம். அந்தச் செப்டம்பர் பிற்பகுதியில் காலப் நிறுவனம் எடுத்த கணிப்பு: நிக்சன் 43, ஹம்ப்ரி 28, வாலஸ் 21. வட்ட மேடை நிகழ்ச்சிகள் செப்டம்பர் தொடக்கத்தில் சிகாகோவில் ஆரம்பித்துத் தேர்தல் வரை நடந்தன. நவம்பர் 5 அன்று முடிவு: நிக்சன் 43.4, ஹம்ப்ரி 42.7. அத்தனை அரங்கும் அத்தனை பணமும் சேர்ந்து அவரை இருந்த இடத்தில் நிற்க வைத்தன. அவ்வளவுதான். ஹம்ப்ரி மட்டும் பதினான்கு, பதினைந்து புள்ளி ஏறினார். எந்த ஒப்பனைக்காரரை வைத்து? செப்டம்பர் 30 அன்று சால்ட் லேக் சிட்டியில், வியட்நாமில் குண்டுவீச்சை நிறுத்துவேன் என்று பேசினார். கோபித்துக்கொண்டு போயிருந்த சொந்தக் கட்சிக்காரர்களும் தொழிற்சங்கத்தாரும் திரும்பி வந்தார்கள். நிக்சன் தப்பியது ஐந்து லட்சம் வாக்கில்.

பிறகு ஏன் நிக்சன் வென்றார்? 1964இல் அதிபர் ஜான்சன் 61 விழுக்காடு வாங்கிய ஜனநாயகக் கட்சி, நான்கே ஆண்டில் 43க்கு விழுந்தது. வியட்நாம் போர், நகரங்களில் கலவரம், மார்ச் 31 அன்று ஜான்சன் விலகல், ஜூனில் ராபர்ட் கென்னடி கொலை, ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டு வாசலில் தடியடி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. எதிரணியினர் காக்கையின் இறகு எவ்வளவு பளபளப்பு என்று நமக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கட்சி வேட்பாளராவதற்காவது புதுத் தோற்றம் தேவைப்பட்டதா? கொஞ்சம் தேவைப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். 1962இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலிலும் தோற்று, இனி நீங்கள் உதைக்க நிக்சன் இருக்கமாட்டான் என்று நிருபர்களிடம் சீறிவிட்டுப் போனவர் அவர். ஆனால் மாநாட்டுப் பேராளர்கள் விளக்கொளியைப் பார்த்தா கைதூக்குகிறார்கள்? 1964இல் கட்சியின் பெரிய தலைகள் ஒதுங்கியபோது கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டருக்காக ஊர் ஊராகச் சுற்றியவர். 1966இல் நாடாளுமன்றக் கீழவை வேட்பாளர்களுக்காக ஓடியவர். அந்த ஆண்டு கட்சிக்கு 47 இடங்கள் கூடின. அந்தக் கடன்களை 1968இல் வசூலித்தார். மயாமி பீச் மாநாட்டில் தென்மாநிலப் பேராளர்கள் போட்டியாளர் ரேகன் பக்கம் சாயாமல் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் பிடித்து வைத்தார். தேவைப்பட்ட பேராளர் வாக்கு 667, கிடைத்தது 692. இருபத்தைந்து பேர் இடைவெளியில் நடந்த காரியத்தில் இமைப்பூச்சுக்கு எவ்வளவு பங்கு என்று நடுவரே எடைபோடட்டும்.

தோற்றத்தை மாற்றிக்கொண்டும் கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதே கட்சியில் இன்னொருவர் இருக்கிறார். தாமஸ் டூயி 1944இல் அதிபர் ரூஸ்வெல்ட்டைக் கடுமையாகத் தாக்கிப் பேசித் தோற்றார். 1948இல் சாந்தமான மாமனிதராக, யாரையும் நோகடிக்காமல், ஒற்றுமை ஒற்றுமை என்று பேசினார். அவர் வென்றதாகவே சிகாகோ நாளேடு ஒன்று தலைப்பும் அச்சிட்டுவிட்டது. ஆனால் 45.9 இருந்தது 45.1 ஆயிற்று. முந்திய முறை அவர் வென்ற ஒஹையோ, அயோவா, விஸ்கான்சின் மூன்று மாநிலங்களும் எதிர்த்து நின்ற அதிபர் ட்ரூமனுக்குப் போயின. அந்த ஆண்டு மக்காச்சோள விலை சரிந்தது. தானியம் சேமிக்க அரசுக் கிடங்கு போதவில்லை. அதற்கு வழியடைத்தது டூயியின் கட்சி ஆதிக்கத்திலிருந்த காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். சோளத்தைக் கொட்டிவைக்க இடமில்லாத விவசாயியிடம் போய் எவ்வளவு இனிமையாகப் புன்னகைத்தாலும் என்ன?

அடுத்து எதிரணியின் துருப்புச்சீட்டு, இந்தோனேசியாவின் பிரபோவோ சுபியாந்தோ. அதிபர் தேர்தலில் அவர் வாங்கிய விழுக்காடு: 2014இல் தோல்வி, 46.85. 2019இல் தோல்வி, 44.5. 2024இல் வெற்றி, 58.59. இங்கே விகிதம் ஏறியிருக்கிறது, நிக்சன் வாதம் செல்லாது என்பார்கள்.

மாற்றத்தையும் பார்த்துவிடுவோம். 2014இல் ஜகார்த்தா விளையாட்டரங்கில் இடுப்பில் குறுவாளோடு குதிரையில் வந்து இறங்கினார். 2019இல் மேசையைக் குத்திக் குத்திப் பேசினார். 1998இல் மாணவப் போராளிகள் கடத்தப்பட்ட விவகாரத்தில் இராணுவத்திலிருந்து விலக்கப்பட்ட தளபதி என்ற பழைய நிழலுக்கு இந்தக் கோலம் மேலும் இருட்டுச் சேர்த்தது. 2024இல் வெளிர்நீலச் சட்டை, செயற்கை நுண்ணறிவில் வரைந்த குண்டுக்கன்னக் கேலிச்சித்திரம், டிக்டாக்கில் கைவீசி ஆடும் ஆட்டம், பாபி என்ற பூனை. 72 வயதுக்காரரின் சுருக்கத்தைக் கேலிச்சித்திரம் மறைத்தது. வாக்காளரில் பாதிக்கு மேல் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள். 1998 பலருக்கு நினைவிலேயே இல்லை. வேலை சுத்தமான வேலை.

ஆனால் வாக்கு எங்கே ஏறியது, எங்கே இறங்கியது? 2019இல் பிரபோவோவின் கோட்டை ஆச்சே மாகாணம், சுமார் 85 விழுக்காடு. மேற்கு சுமத்ரா, சுமார் 86. 2024இல் ஆச்சேவில் 24ஐ ஒட்டி விழுந்தார். மேற்கு சுமத்ராவில் 39ஐ ஒட்டி. மறுபக்கம் பாலி: 8 இருந்தது 54 ஆனது. மத்திய ஜாவா: 23 இருந்தது 53 ஆனது. ஏறிய இடமெல்லாம் அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோவின் பழைய வாக்குவங்கி. சரிந்த இரண்டும் ஜோக்கோவைப் பிடிக்காதவர்களின் ஊர். அவர்கள் இன்னொரு வேட்பாளரான அனீஸ் பக்கம் போனார்கள்.

கைமாறிய விதமும் பதிவில் இருக்கிறது. 2019 அக்டோபரில் பிரபோவோ, தம்மைத் தோற்கடித்த ஜோக்கோவிடமே பாதுகாப்பு அமைச்சரானார். 2023 அக்டோபர் 16 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் வேட்பாளருக்கான 40 வயது வரம்பில் ஒரு வாசல் திறந்தது. ஏற்கெனவே தேர்தலில் வென்று உள்ளாட்சித் தலைவரானவருக்கு விலக்கு. தலைமை நீதிபதி அன்வர் உஸ்மான் ஜோக்கோவின் தங்கை கணவர். அந்த வாசல் வழியே ஜோக்கோவின் மகன், 36 வயது கிப்ரான், துணை அதிபர் வேட்பாளராக உள்ளே வந்தார். நவம்பர் 7 அன்று நெறிமுறைக் குழு அன்வரைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கியது. வேட்புமனு அப்படியே இருந்தது. 2024 தொடக்கத்தில் இரண்டு கோடியே இருபது லட்சம் குடும்பங்களுக்கு மாதம் பத்துக் கிலோ அரிசி அரசிடமிருந்து போய்க்கொண்டிருந்தது. பூனைக்கும் இந்த அரிசிக்கும் சம்பந்தமில்லை.

முகமூடி கழன்ற நாளும் உண்டு. ஜனவரி 7 விவாதத்தில் அனீஸ், பிரபோவோ பெயரிலுள்ள நிலங்களைப் பற்றிக் குத்திக் கேட்டார். இரண்டு நாள் கழித்து ரியாவ் கூட்டத்தில் பிரபோவோ, பெயர் சொல்லாமல், முட்டாள் என்ற பொருளில் ஒரு கொச்சைச் சொல்லால் திட்டினார். பழைய பிரபோவோ அப்படியே வெளியே வந்தார். தோற்றம்தான் வாக்குத் தந்ததென்றால் அன்றைக்கு வாக்கு கரைந்திருக்க வேண்டும். ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரி 14 அன்று, முதல் சுற்றிலேயே முடிந்தது.

ஒன்றை மட்டும் எதிரணிக்குக் கொடுத்துவிடுகிறேன். ஜோக்கோவுக்கு இரண்டு முறை வாக்களித்தவர், நேற்றுவரை பயந்த ஒருவருக்கு வாக்களிக்கக் கூச்சப்படுவார். அந்தக் கூச்சத்தைக் கேலிச்சித்திரம் குறைத்தது. ஆனால் அந்த வாக்காளரை வாசல்வரை அழைத்து வந்தவர் ஜோக்கோ.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே வேண்டுகோள். அதே ஆட்டம், அதே பூனை, அதே நீலச் சட்டை ஆச்சேவின் கைபேசிகளிலும்தான் ஓடின. அங்கே மட்டும் 85 எப்படி 24 ஆனது என்பதற்கு அவர் பதில் சொல்லட்டும். வணக்கம்.