‘திணம்’ என்று அடித்துவிட்டார்கள் மக்களே!

வணக்கம் மக்களே. குரல் கம்மியிருக்கிறது, கண்டுகொள்ளாதீர்கள். நைட் டூட்டி முடித்து வந்து நான்கு மணி நேரம்தான் தூங்கினேன். பின்னால் குக்கர் சத்தம் கேட்டால் அதையும் கண்டுகொள்ளாதீர்கள், அம்மா சொதிக்குக் காய் வேகவைக்கிறாள். இன்று டூட்டிப் பைக்குள் என்னென்ன வைத்திருக்கிறேன் என்று காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்போது வேறு ஒன்று நெஞ்சில் கிடந்து குறுகுறுக்கிறது.

போன ஞாயிறு எங்கள் செவிலியர் சங்கத்தில் செவிலியர் தின விழா. மே 12 அன்றே வைத்தால் பாதிப் பேர் டூட்டியில் இருப்போம், அதனால் எப்போதும் அதை ஒட்டி வரும் ஞாயிறுதான். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஹால். மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு ஃபிளெக்ஸ் வேண்டும் என்றார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

பத்துக்கு ஆறு, அறுபது சதுர அடி. சதுர அடி 14 ரூபாய் என்று 840. சனிக்கிழமை சாயங்காலம் போய் வாங்கி, கடை வாசலிலேயே விரித்துப் பார்க்கிறேன். ‘உலக செவிலியர் திணம்’. மூன்று சுழி ண! ஆளுயர எழுத்தில், பளபளவென்று. எனக்குத் தலை சுற்றிவிட்டது. “என்ன அண்ணாச்சி இது?” என்றால், “யாரும்மா எழுத்தெல்லாம் பார்க்கப் போறா, போட்டோதானே எடுப்பாவ” என்கிறார். மறுபடி அடிக்க இன்னொரு 840 கேட்டார். முடியாது என்றேன். அரை மணி நேரம் நின்றேன் மக்களே, அரை மணி நேரம். கடைசியில் அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டலாம், 100 ரூபாய் என்று இறங்கினார். அதையும் பேசிப் பேசி நாற்பதுக்குக் கொண்டுவந்தேன். அந்த ஸ்டிக்கரின் மஞ்சள் மட்டும் விரலி மஞ்சள், மற்ற இடமெல்லாம் எலுமிச்சை மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் ‘தி ன ம்’ நடுவில் யாரோ பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. நர்சுகள் விழாவுக்குப் பொருத்தம்தான்.

சரி, விழா. சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்தார், யாரென்று சொல்ல மாட்டேன். நீளப் பேச்சு எனக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். நாங்கள் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறோமே, அதை, கையில் விளக்கோடு ராத்திரி வார்டு சுற்றிய முன்னோடி நர்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தன் கைப்பட எழுதினார் என்று ஒரு போடு போட்டார். அவர் எழுதவே இல்லை! 1893இல் அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்து நர்சிங் பள்ளி ஒன்றில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவர் தலைமையில் ஒரு குழு எழுதியது. அவர்கள் மரியாதைக்காக நைட்டிங்கேல் பெயரை வைத்தார்கள். முதல் வருடத்தில் எங்கள் டியூட்டர் மேடம் இதைச் சொல்லித் தந்தபோது நான் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தேன், எனக்கே ஞாபகம் இருக்கிறது.

நைட்டிங்கேல் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கணக்கைப் பற்றிப் பேசலாமே? கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிட நோயால் செத்ததுதான் அதிகம் என்று எண்ணி, 1858இல் வட்டப் படமாக வரைந்து காட்டினாள். விளக்கை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், நோட்டை விட்டுவிட்டார்கள். இந்த நோட்டு விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறது.

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். போன வீடியோவுக்கு நிறையப் பேர், ‘சங்கத்தில் சேர்ந்தால்தான் ரெஜிஸ்ட்ரேஷன் கிடைக்குமா அக்கா’ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கவுன்சில் வேறு, சங்கம் வேறு. நர்சாக வேலை பார்க்கப் பதிவு எண் தருவது சென்னையில் இருக்கிற நர்சிங் கவுன்சில், 1926ஆம் வருடத்துச் சட்டப்படி நடப்பது. சங்கம் என்பது நாமாகச் சேர்ந்துகொள்வது. அதுவும் நேற்று முளைத்ததில்லை. 1905இல் லக்னோவில் சூப்பரின்டெண்டுகள் மட்டும் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள், 1908இல்தான் பயிற்சி பெற்ற நர்சுகளுக்கான அகில இந்தியச் சங்கம் வந்தது. முதலில் மேலே இருப்பவர்கள், அப்புறம்தான் வார்டில் நிற்பவர்கள். இன்றைக்கும் மேடை அப்படித்தான் இருக்கிறது. ஐந்து நாற்காலி, ஐந்து பொன்னாடை. எங்கள் செயலாளர் அக்கா மட்டும் கீழே, மைக்செட்காரர் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில்.

இங்கேதான் என் வயிறு எரிந்தது.

2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 17ஆம் தேதி ஞாயிறு, எனக்கு நைட். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திங்கள் காலையில் என்னை ரிலீவ் பண்ண வரவேண்டிய சிஸ்டர் வரவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணீருக்குள். எங்கள் வீடு சிந்துபூந்துறை. அம்மா மாடி வீட்டுக்குப் போய்விட்டாள் என்பதே எனக்கு மறுநாள்தான் தெரியும், செல்போனில் டவர் இல்லை. ஹேண்டிங் ஓவர் கொடுக்க, அதாவது நோயாளிகளை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்க, ஆள் இல்லாமல் முப்பது மணி நேரம் வார்டில் நின்றேன். அழவில்லை என்றால் பொய்.

அப்போது சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, மழைக்கோட்டுக்குள் ஒரு லாங் சைஸ் நோட்டோடு செயலாளர் அக்கா உள்ளே வருகிறார். அவர் வேலை பார்ப்பது வேறு ஆஸ்பத்திரி. எங்கள் இடத்துக்கு அவர் வரவேண்டிய அவசியமே இல்லை. பாளையங்கோட்டை மேடான பகுதி, அங்கே நடக்க முடிந்தது. பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக நடந்து, வீட்டுக்குப் போக முடியாமல் கிடக்கிற பிள்ளைகள் யார் யார், பாளையில் யார் வீட்டில் பாய் போட இடம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். வாட்ஸ்அப் குரூப்பில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் இருந்தார்கள். டவர் போனதும் குரூப்பும் போச்சு, தலைவரும் போச்சு. அந்த நோட்டு மட்டும் நடந்து வந்தது. “ஏட்டி, சாப்ட்டியா? போ, மகாராஜ நகர்ல ஒரு சிஸ்டர் வீடு, வெந்நி போட்டு வச்சிருக்கா” என்றார். அந்த சிஸ்டரை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. இரண்டு ராத்திரி அவர் நைட்டியைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டில் தூங்கினேன். கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். இன்றைக்கும் என் பிறந்தநாளுக்கு முதலில் போன் பண்ணுவது அவர்தான்.

அக்காவைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் வந்தால் கூட்டத்தில் நான்கு பேர் முன்னால் வைத்துக் கிழித்துவிடுவார். மைக்கைக் கையில் பிடித்தால் விடமாட்டார். கணக்கு எழுதவே தெரியாது. ஆனால் 2017 நவம்பரில், 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் இருந்த ஒப்பந்த நர்சுகள் சென்னையில் டிஎம்எஸ் வளாகத்தில், அதாவது அரசு மருத்துவத் துறை அலுவலகத்தில், போராட்டமாகப் போய் உட்கார்ந்தார்களே, அதில் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி போனபோது அவள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டது யார்? அக்காதான். தனியார் ஆஸ்பத்திரிக்காரிக்கு அரசு நர்சின் போராட்டத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்டார்களாம். “பிள்ளைக்குப் பசிச்சா எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா அழும்?” என்றிருக்கிறார்.

சரி, கதைக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் நிர்வாகிகள் தேர்வு. தலைவர், செயலாளர் போட்டியில்லாமல் முடிந்தது. பொருளாளர் யார் என்றதும் எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து, ஃபிளெக்ஸைக் கையால் காட்டி, “ஒரு எழுத்துக்கு அரை மணி நேரம் சண்ட போட்டு அறுபது ரூவா மிச்சம் பிடிச்சவ கையில பணம் இருந்தா பத்திரமா இருக்கும்” என்றார். ஹாலே சிரிக்கிறது. நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு உண்மையை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் வெள்ளிக்கிழமை ராத்திரியே மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஐசியூவில் ஒரு கையில் ஐவி செட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைத் தட்டிவிட்டேன். பார்க்கவே இல்லை. ‘திணம்’ பாதி என் தப்பு. அக்காவிடம் சொல்லவில்லை, இந்த வீடியோவைப் பார்த்தால் தெரிந்துகொள்வார்.

இப்போது பழைய கணக்கெல்லாம் என் வீட்டில் ஒரு கட்டைப் பையில். அதற்குள் அந்த வெள்ளத்து நோட்டும் இருந்தது. பிரவுன் அட்டை, ஓரமெல்லாம் தண்ணீர் பட்டு உப்பியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பென்சிலில்: பால் பாக்கெட் 14, ரொட்டி 20, மெழுகுவர்த்தி, நாப்கின், ஆட்டோ 300. மொத்தம் 2,160. சங்கத்துப் பேரேட்டில் இந்தத் தொகை எங்கேயும் இல்லை. சொந்தக் காசு.

நேற்று அக்காவுக்குப் போன் போட்டேன். “சவத்தத் தூரப் போடுட்டி, பழைய நோட்ட எவ நோண்டச் சொன்னா?” என்று வைத்துவிட்டார். விடுவேனா? ஃபிளெக்ஸுக்கு 840, ஸ்டிக்கருக்கு 40, அது முதல் வவுச்சர். இரண்டாவது வவுச்சர் 2,160. இதோ பாருங்கள், எழுதிவிட்டேன், ரெவின்யூ ஸ்டாம்ப்கூட வாங்கி வைத்திருக்கிறேன். கையெழுத்துதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு மார்னிங் டூட்டி, இரண்டு மணிக்கு வெளியே வருவார். கேட்டிலேயே நிற்கப் போகிறேன்.

அம்மா கூப்பிடுகிறாள், இஞ்சித் துவையலுக்கு இஞ்சி சீவ வேண்டுமாம். வரேன்.